சம்பந்தி தைத்த நீளக் கைச் சட்டை

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் தங்கள் தையல் கடையும் நலமா? என் மகள் நலமா என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இடது கையை மடக்க முடியவில்லை, மற்றபடி நலம்.

போன வாரம், எங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட மருமகளைத் திரும்ப அழைத்துப் போக வந்த தாங்கள், வெறுங்கையோடு வராமல் புதுச் சட்டை ஒன்று தைத்து எடுத்து வந்தீர்கள். கல்யாணமான புதிதில் தோளுக்குக் கொஞ்சம் கீழே நின்ற சட்டைக் கை, அடுத்த சட்டையில் முழங்கைக்கு இறங்கி, இப்போது மணிக்கட்டைத் தொடுகிறது. தங்கள் மகனின் அடி எதுவரை இறங்குகிறதோ, அதுவரை தங்கள் துணியும் இறங்குகிறது. இப்படிப் பார்த்துப் பார்த்துத் தைக்கிற மாமனார் எத்தனை பெண்ணுக்குக் கிடைப்பார்?

"பையனுக்குக் கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது சம்பந்தி, மத்தபடி தங்கம்" என்றீர்கள். தைத்ததைக் குறை சொல்லும் வாடிக்கையாளரிடமும், வண்டியை மறிக்கும் போலீஸ்காரரிடமும் அந்தத் தங்கத்துக்குக் கண் நன்றாகவே தெரிகிறது, கும்பிடு வேறு. போன மாதம் வியாபாரிகள் சங்கத்தில் ஆண்களெல்லாம் எழுந்து நின்று, "பெண்ணை அடிக்க மாட்டோம், அடிப்பவனைத் தடுப்போம்" என்று உறுதிமொழி எடுத்தார்களே, மைக்கைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தது யார்? அவன்தான். முன்வரிசையில் நின்று திருப்பிச் சொன்னது யார்? தாங்கள்தான். அந்த இரண்டாவது பாதி தங்களுக்காக எழுதியது ஐயா! தடுப்பதென்றால் தைப்பது என்று புரிந்துகொண்டீரோ?

என் மகள் கேட்டாளே, "மாமா, நாளைக்கு மூஞ்சியில விழுந்தா என்ன தைப்பீங்க?" என்று. அதற்கு நீர் டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்றீர். யோவ், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கத்தரிக்கோலைக் கீழ வெச்சுட்டு, "டேய், அவ மேல இருந்து கையை எடுடா"ன்னு சொல்ல உனக்கு நாக்கு இல்லையா?

மன்னிக்கவும். இரு குடும்பங்களின் கௌரவத்தை முன்னிட்டு, இதை நாலு சுவருக்குள்ளேயே பேசி முடிப்போம். மகனைக் கண்டித்துவிட்டுப் பதில் எழுதவும், காத்திருப்போம். தங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் வணக்கம், ஒருவன் நீங்கலாக.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: இதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். "நாலு சுவருக்குள்ளதானேப்பா அடி வாங்கினேன்" என்றாள். ஆகவே கடைசிப் பத்தியை மறந்துவிடவும், பதிலும் வேண்டாம். தாங்கள் தைத்த சட்டையின் கைகள் இரண்டும் இந்த உறைக்குள் இருக்கின்றன, அவளே கத்தரித்தாள். மிச்சச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காவல் நிலையம் போக வாசலில் நிற்கிறாள். நானும் கூடப் போகிறேன். தபால் பெட்டி வழியில்தான் இருக்கிறது.