லினக்ஸ் பாயும் போகாத பூட்லோடரும்

அந்தமான் தீவுகளில் லினக்ஸ் பாயைப் போல சிஸ்டம் மாற்றிய மனிதர் இன்னொருவர் கிடையாது. நாம் சட்டை மாற்றுவதற்குள் அவர் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் மாற்றிவிடுவார்; கம்ப்யூட்டரை இயக்கும் அந்த இலவச சிஸ்டத்தில்தான் நூறு வகை உண்டே. அவருடைய நிஜப் பெயரை வீட்டம்மாவே மறந்துவிட்டதாகக் கேள்வி.

குடியேற்றக் காலத்தில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். எங்கள் ஷாதிபூரில் ஸ்டவ், குக்கர் ரிப்பேர் கடை. தீவில் இன்டர்நெட் ஊர்ந்துகொண்டிருந்த நாட்கள் அவை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்தால் ஊரே காய்கறிக்கு ஓடும். பாய் மட்டும் புது லினக்ஸ் வரும் டிவிடிக்கு ஓடுவார். அன்று மாலையே கடைக் கம்ப்யூட்டரில் பழைய லினக்ஸ் போய்ப் புது லினக்ஸ் ஏறிவிடும். பில்லுக்கு நிற்பவரிடம், "அரே, தோ மினிட் பாயி! இன்ஸ்டால் ஆவுது" என்பார். அந்த இரண்டு நிமிடத்தில் ரிப்பேரான குக்கரில் பருப்பே வெந்துவிடும்.

ஆனால் பழையதன் மிச்சம் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. கடைக்குக் குடிவந்த அன்று, முன்பு இருந்தவரின் பெயரைச் சுரண்டுகிறேன் பேர்வழி என்று பாதிச் சுவரையே பெயர்த்தவர். "போன ஆளு பேரு வாசல்ல எதுக்கு?" என்பது அவர் கட்சி.

எனக்குச் சென்னையில் முதல் வேலை கிடைத்தது. சொந்த லேப்டாப்போடு வரச் சொல்லியிருந்தார்கள். மதியம் கப்பல். காலையில் பெட்டியோடு சொல்லிக்கொள்ளப் போன என்னிடமிருந்து பாய் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"மெயின்லேண்டுக்குப் பழசோடவா போவே? பைட்டோ தம்பி, உக்காரு. புதுசு போட்டுத் தாறேன்."

போட்டார். ஆன் செய்தால் கறுப்புத் திரை, மூலையில் கண்சிமிட்டும் ஒரு கோடு.

"என்ன பாய் இது? வேலை போயிடும் பாய்!"

"பழைய பூட்லோடர் தம்பி, ஆன் பண்ணினா சிஸ்டத்தை எழுப்பி விடுற வாட்ச்மேன். வீட்டை இடிச்சாச்சு, வாட்ச்மேனை அனுப்ப மறந்துட்டேன். இல்லாத வீட்டுக்கு வழி காட்டிட்டு நிக்கிறான்."

டிவிடியிலிருந்து மறுபடி கிளப்பினார். எந்த சிஸ்டத்தை எழுப்புவது என்ற பட்டியல் வந்தது. பழைய பெயரைப் பார்த்ததும் பாய்க்குச் சுவர் சுரண்டிய வேகம் வந்துவிட்டது. அழித்தார். அதே வேகத்தில் புதியதன் பெயரையும் அழித்தார்.

"அல்லாவே!"

"இப்ப என்ன பாய்?"

"கபராவ் மத், பயப்படாதே. புதுசா ஒண்ணு எழுதணும். என்ன பேரு வைக்கட்டும்?"

"எதையாவது வைங்க பாய், கப்பல் போயிடும்!"

ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார். திரையில் 'ஷாதிபூர்' என்று ஆங்கிலத்தில் வந்தது, லேப்டாப் உயிர்பெற்றது.

"எந்த ஊருன்னு எவனாச்சும் கேட்டா, ஆன் பண்ணிக் காட்டு" என்றார். பிறகு கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு ஓடினார்.

சென்னையில் நானும் பல தடவை லினக்ஸ் மாற்றிவிட்டேன். அன்று பாய் போட்டதில் பட்டியலிலுள்ள அந்தப் பெயர் மட்டும்தான் மிச்சம். அதைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரைதான் வரும். அழிக்க ஒரு வரிக் கட்டளை போதும். பாய் பார்த்தால் கத்துவார்: "போன ஆளு பேரு வாசல்ல எதுக்கு?"

போனவன் நான்தான், பாய். ஷாதிபூர் இருக்கட்டும்.