காதில் விழுந்ததெல்லாம் பாட்டு

மூன்றாவது பாட்டு முடிகிற நேரத்தில், பாடகியின் காலடியில் இருந்த சின்னத் திரை இருண்டுபோனது.

மேடைக்குக் கீழே பலகை அடித்த சிறிய அறையில் உட்கார்ந்திருந்த வரிக்காரர் பதறவில்லை. பதறுகிற சுபாவமே அவருக்குக் கிடையாது. பாடகி பாடப் பாட, அடுத்த வரியை அந்தத் திரையில் ஓட்டுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறார். பாடகிக்குத் தன் பாட்டில் ஒன்றுகூட நினைவில் நிற்பதில்லை என்ற ரகசியம் நாலு பேருக்குத்தான் தெரியும். அந்த நாலு பேரில் தாமும் ஒருவர் என்பதில் அவருக்குக் கர்வம் உண்டு.

"ஒயர்ல கோளாறு சார். பத்து நிமிஷம் ஆகும்" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"அரை மணி நேரம் எடுத்துக்க. நான் அவங்க காதுலயே சொல்லிடறேன். திரையெல்லாம் ஒரு சவுகரியத்துக்குத்தான்."

பாடகியின் காதில் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருந்தது. வரிக்காரரின் வாய்க்கு நேராக இருந்த மைக்கில் பொத்தானை அமுக்கிப் பேசினால் அவர் குரல் மட்டும் அங்கே கேட்கும். ஒவ்வொரு வரிக்கும் அமுக்கினால் விரல் வலிக்குமே என்று, பொத்தானை அமுக்கிவைத்து அதன்மேல் டேப்பை நாலு சுற்றுச் சுற்றிவிட்டார். இந்த யோசனை வேறு யாருக்கு வரும் என்று தோன்றியது.

'முப்பது வருடக் குரல்' சுற்றுப்பயணத்தின் முதல் மாலை அது. இன்னும் நாற்பது ஊர் பாக்கி. பாட்டெல்லாம் கவிஞருடையவை. ஓர் எழுத்து மாறினாலும் அத்தனை பாட்டையும் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்ற நிபந்தனையை எழுதி வாங்கிக்கொண்டுதான் அவர் சம்மதித்திருந்தார். இப்போது முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டுப் போனால் பயணம் போச்சு. பயணம் போனால் முதலில் பறிபோவது வரிக்காரரின் நாற்காலி. மூன்றாவது வரிசையில் அவர் மனைவியும், 'எழுத்து ஓட்டறதெல்லாம் ஒரு உத்தியோகமா' என்று கேட்கிற அவள் அண்ணனும் இருந்தார்கள்.

நாலாவது பாட்டு தொடங்கியது. அதுதான் பாட்டு. 'கதவைச் சாத்து, காத்து வருது.' யாரென்றே தெரியாமல் இருந்த பாடகியை ஒரே வாரத்தில் ஊரறிய வைத்த பாட்டு. அந்தக் கதவு மனக்கதவுதான் என்று ஒரு பேராசிரியர் இருநூறு பக்கம் எழுதினார். காற்று என்பது காலம், அது புரியாதவருக்கு எதுவும் புரியாது என்று இன்னொருவர் முந்நூறு பக்கத்தில் பதில் சொன்னார். இரண்டு பேரும் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை.

வரிக்காரர் முதல் இரண்டு வரியையும் பிசகில்லாமல் சொன்னார். பாடகியும் பிசகில்லாமல் பாடினார். முப்பதாயிரம் பேரும் கண்ணை மூடிக்கொண்டு கூடப் பாடினார்கள்.

"சார், ஸ்குரூ டிரைவர் எங்க?" என்றார் எலெக்ட்ரீஷியன்.

"மேஜைக்குக் கீழ பாரு."

"மேஜைக்குக் கீழ பாரு..." என்று பாடகி உருகினார். காதில் விழுவது வாயில் ராகத்தோடு வருகிற பழக்கம் அது. கையை மெல்லத் தரைப்பக்கம் இறக்கினார். பின்னால் ஆடிய பன்னிரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்து தேடினார்கள்.

வரிக்காரர் மைக்கைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ஐயோ, அது இல்ல."

"ஐயோ... அது இல்ல..."

"அது இல்ல" என்று முப்பதாயிரம் பேர் திருப்பிப் பாடினார்கள்.

வாயைத் திறந்தால்தானே வம்பு என்று வரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த வரி வராததால் பாடகி அந்த 'இல்ல'வையே பிடித்து இழுத்தார். ஏறி, இறங்கி, சுழன்று, மறுபடி ஏறினார். டிரம்ஸ்காரர் எங்கே அடிப்பதென்று தெரியாமல் குச்சியைத் தூக்கியபடியே நின்றார். பாடகியின் முகம் சிவந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் மூச்சே நின்றுவிடும்.

இனி விட்ட இடத்தில் பிடிப்பதுதான் வழி என்று வரிக்காரர் பாட்டுத்தாளைத் தேடினார். அது எலெக்ட்ரீஷியனின் முழங்காலுக்கு அடியில் இருந்தது.

"அந்தத் தாளை எடு, மிதிக்காத."

"அந்தத் தாளை எடு... மிதிக்காத..." பாடகியின் குரல் தழுதழுத்தது. கூட்டம் எழுந்து நின்றது.

வரிக்காரர் டேப்பைப் பிய்க்கப் பார்த்தார். நாலு சுற்றும் நகத்துக்கு இடம் கொடுக்கவில்லை. நல்ல டேப்பாகப் பார்த்து வாங்கியவரும் அவர்தான். அந்த நேரம் பார்த்து மேலாளர் மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்தார்.

"என்னய்யா நடக்குது இங்க? கவிஞர் எழுந்து நின்னுட்டாரு."

"நான் பாத்துக்கறேன், நீங்க போங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. மேலே பாடகி முப்பது வருடத்து ரசிகர்களை நோக்கி இரண்டு கையையும் விரித்தார்.

"நான் பாத்துக்கறேன்... நீங்க போங்க..."

அரங்கமே அழுதது. மேலாளர் கத்திரிக்கோலால் டேப்பை வெட்டினார். அதே விநாடி எலெக்ட்ரீஷியன் "வந்துடுச்சு சார்" என்றார். திரை பளிச்சென்று எரிந்தது. பாட்டு முடிந்திருந்தது.

மிச்சப் பாட்டெல்லாம் ஒழுங்காக நடந்தன. நடுவில் மனைவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அண்ணன் அழுதுட்டாரு. புது வரி யார் எழுதினதுன்னு கேக்கறாரு.' வாழ்நாளில் முதல் தடவையாக மச்சான் அவரை மெச்சியிருக்கிறார். அதைக்கூட அனுபவிக்க முடியாமல் வரிக்காரர் பையைக் கட்டத் தொடங்கினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் கவிஞர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வந்தார். மேலாளர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கவிஞர் உட்காரவில்லை.

"காதுல வரி சொன்னது யாரு?"

மேலாளரின் விரல் தயக்கமே இல்லாமல் வரிக்காரரைக் காட்டியது.

"நான்தாங்க" என்றார் வரிக்காரர். "தப்பு முழுக்க என்னோடதுதான். அவங்க மேல கோவிச்சுக்காதீங்க. என்னை அனுப்பிடுங்க, பாட்டை மட்டும் திரும்ப எடுத்துடாதீங்க. நூறு பேர் பொழப்பு."

கவிஞர் மேலாளரையும் எலெக்ட்ரீஷியனையும் வெளியே போகச் சொன்னார். அவர்கள் போனதும் மைக்கை ஒரு தடவைக்கு இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். அது அணைந்துதான் இருந்தது.

"ஒரு எழுத்துகூட மாறக்கூடாதுன்னு ஏன் பிடிவாதம் பிடிக்கறேன் தெரியுமா?"

"வரி அவ்வளவு உசத்திங்க."

"மாத்த ஆரம்பிச்சா, மொதல்ல அது எப்படி வந்துச்சுன்னு எவனாவது கேப்பான். அந்தப் பயம்தான்."

வரிக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கவிஞர் அவர் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த நாலாவது பாட்டு ரெக்கார்டிங் அன்னிக்கு அவங்க காதுல வரி சொன்னது நான்தான் தம்பி. டீ கொண்டு வந்தவன் கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டான்."