உக்கடத்துக் கைப்பாஷை

முப்பதுகளில் கோயம்புத்தூரில் குடியிருந்துகொண்டு 'தாய்மொழி'யிடம் அகப்படாமல் தப்பியவர் ஒருவரும் கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிட்டது. பள்ளிக்கூட வாத்தியார். சென்சஸ் எடுக்க அவரை உக்கடம் பக்கம் அனுப்பியிருந்தார்கள். பாரத்தில் உள்ள மற்ற கேள்விகளை ஓட்டமாக முடித்துவிட்டு, "உங்க தாய்மொழி என்னுங்க?" என்ற இடத்துக்கு வந்ததும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். தெலுங்கு வீட்டில் அரை நாள், கன்னட வீட்டில் அரை நாள். ஒரு வீட்டில் தொட்டில் குழந்தையிடமும் கேட்டார். அது 'ங்கா' என்றது.

"கொழந்தை இன்னும் முடிவு பண்ணலீங்க. எந்த ஊட்டுல போட்டாலும் அந்தப் பாஷையைப் பேசிப்போடும்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பாரங்களைச் சரிபார்க்க அவரோடு அலைந்துகொண்டிருந்தேன்.

ஒரு பிற்பகல் குளத்தை ஒட்டிய வீட்டுக்குப் போனோம். வாசலில் இரண்டு இளம்பெண்கள் பருத்தியில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பஞ்சு காற்றில் மிதந்து, எங்கே இறங்குவது என்று யோசிப்பதுபோல நின்று நின்று போயிற்று.

"அதுக ரெண்டும் பொறவியிலயே காது கேக்காத புள்ளைங்க. பாஷையெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றாள் தாய்.

ஆனால் அவர்களுடைய கைகள் ஓயவில்லை. குளத்து வெளிச்சத்தில் விரல்கள் நீந்தின. தாய்மொழி பேனாவை மூடிவிட்டார். சின்னவள் ஏதோ கேட்டாள். பெரியவள் கன்னத்தில் மீசை இழுத்து, நாக்கால் நக்கிக் காட்டினாள்.

"வெல்லம் எங்கேன்னு சின்னவ கேக்குறாளுங்க. பூனை தின்னுபோட்டுதுன்னு பெரியவ பொய் சொல்றா. எங்கூட்டுல ஏதுங்க பூனை?" என்று சிரித்தாள் தாய். பெரியவள் உதட்டில் வெல்லம் ஒட்டியிருந்தது.

தாய்மொழி துள்ளி எழுந்தார். "ஏனுங்க, கேட்டீங்களா! மாடு கத்தும், காக்காயும் கத்தும். இல்லாத பூனையைக் கொண்டாந்து அது மேல பழி போடுமுங்களா? இது பாஷையேதானுங்க!"

பாரத்தில் 'கைப்பாஷை' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

மேலதிகாரி மதராஸ்காரர். கொதித்துப்போனார். "கைக்கு ஏதய்யா தாய்மொழி? அடிச்சிட்டுத் தமிழ்னு எழுதும்!"

"தமிழ்ல ஒரு வார்த்தை அவங்க காதுல உழுந்ததே இல்லீங்க. எப்படீங்க எழுதறது?"

"வாத்தியார் வேலை போயிடும், பார்த்துக்கோ."

"போகட்டுமுங்க."

மறுநாள் அதிகாரியே அந்த வீட்டுக்கு நேரில் வந்தார். பெரியவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு கையாலும் காற்றில் ஒரு பெரிய தொந்தியை வரைந்து, அதன் உச்சியில் ஒரு சின்னத் தொப்பியைக் கவிழ்த்தாள். சின்னவள் பருத்திக்குள் புரண்டு சிரித்தாள்.

"என்ன சொல்றது அது?"

"இந்த வெயில்ல ஐயா இவ்வளவு தூரம் வந்திருக்கீங்கன்னு சந்தோசப்படுதுங்க" என்றார் தாய்மொழி, கண்ணைச் சிமிட்டாமல்.

அதிகாரி தன் தொந்தியைக் குனிந்து பார்த்தார். தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டார். "புரிஞ்சுபோச்சுய்யா, புரிஞ்சுபோச்சு!"

வாத்தியார் வேலை தப்பியது. கைப்பாஷை தப்பவில்லை. "பாரத்துல அதுக்கு இடமில்லேய்யா" என்று வருத்தமாகவே சொல்லி, அதிகாரி தம் கையாலேயே அடித்துத் தமிழ் என்று எழுதினார். மூன்றாம் நாள் மாலை தாய்மொழி அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து, அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். பிறகு காபி கிளப்பிலும் கையாலேயே கேட்பார். காபி கேட்டால் வடை வரும், ஆனந்தமாகத் தின்பார்.

என்னை உடுமலைப்பேட்டைக்கு மாற்றினார்கள். போத்தனூர் ஸ்டேஷனுக்கு வழியனுப்ப ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வண்டி நகர்ந்ததும் எல்லோரும் ஏதேதோ கத்தினார்கள். தாய்மொழி மட்டும் வாயைத் திறக்காமல், நெஞ்சிலிருந்து இரண்டு கைகளையும் மெல்ல என் பக்கம் விரித்தார்.

என்ஜின் இரைச்சலில் அன்று எனக்குக் கேட்டது அது ஒன்றுதான்.