இல்லாத கிளட்சை மிதித்த கால்

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் மாப்பிள்ளையின் இடது பாதம் நீங்கலாக எல்லோரும் நலம். அந்தப் பாதமும் இப்போது தேறிவருகிறது. அங்கே நீங்களும், நீங்கள் பொருத்திக்கொண்டிருக்கும் லிஃப்டுகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

இந்தக் கடிதத்தில் இரண்டு விஷயங்கள். உங்கள் காரைக் கொடுத்து உதவியதற்கு நன்றி என்பது ஒன்று. ஊர் திரும்பியதும் ஒரு வேளையாவது எங்கள் வீட்டில் வந்து சாப்பிட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்கத் தயக்கமாக இருப்பதால் முதலாவதை நீளமாக எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மாதத்துக்கு முன் அந்த மத்தியானச் சாப்பாட்டில் நடந்தது உங்களுக்கும் மறந்திருக்காது. ஆளுக்கொரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவைத்திருக்கும் இரண்டு ஐம்பது வயதுக்காரர்களை ஒரே மேசையில் எதிரெதிரே உட்காரவைத்தது என் தப்புதான். தானாக கியர் மாறும் வண்டிதான் நம்பகமானது என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள். "லிஃப்ட்ல ஏறினவன் கியரா போடறான்? பட்டனை அமுக்கறான், போய்ச் சேர்றான். வருஷக்கணக்கா ஓடுது" என்றீர்கள். பல்செட் கட்டிப் பிழைக்கிற உங்கள் மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? "வாயில போட்ட பல்லு அதுவாப் பொருந்துமா மச்சான்? கையால ராவி ராவிப் பொருத்தினாத்தான் நிக்கும். கியரும் அப்படித்தான்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "உங்க வண்டிக்கு ஓட்ட ஆளே வேணாம், சீட்ல ஒரு மூட்டையைத் தூக்கி வெச்சாப் போதும்" என்று இவர் சொன்னதும், நீங்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டீர்கள். நீங்கள் போன பிறகு அவர் உங்கள் தட்டையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. எட்டு மாதம் அந்த உத்தரவை மதித்தது போதும் என்று தோன்றுகிறது.

அன்றிலிருந்து நான் உங்கள் இருவருக்கும் நடுவில் கிளட்ச் வேலை பார்த்துவருகிறேன். "உங்க அண்ணன் எப்பக் கிளம்பறாராம்?" என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்பார். "அங்க எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று நீங்கள் போனில் பன்மையில் கேட்பீர்கள். அந்தப் பக்கத்துச் சுற்றும் இந்தப் பக்கத்துச் சுற்றும் உரசிக்கொள்ளாமல் நடுவில் நான்தான் தேய்ந்துகொண்டிருந்தேன்.

நீங்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்பிய மறுவாரம், அவர் பட்டறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து பல் அச்சு எடுக்கும் மாவு மூட்டை ஒன்று நேராக அவர் இடது பாதத்தில் விழுந்தது. ஆமாம் அண்ணா, மூட்டை. நான் சிரிக்கவில்லை. மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், மாவு விழுந்த காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, வீட்டுக்கு அழைத்துவந்து படுக்கவைத்து, பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சிரித்தேன்.

பத்து நாளைக்கு ஒரு முறை காலைக் காட்ட வரச் சொன்னார் எலும்பு டாக்டர். முதல் முறை வாடகைக் காரில் போனோம். பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு இவர், "மூணாவது போடுங்க, இப்ப ரெண்டுக்கு வாங்க, ஏங்க இஞ்சின் கதறுது கேக்கலையா?" என்று பாடம் நடத்தினார். ஓட்டுநர் நல்ல மனிதர். நான்காவது சிக்னல் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஓரமாக நிறுத்தி, "சார், நீங்க வேணா முன்னாடி வந்து ஓட்டுங்க. நான் பின்னாடி காலை நீட்டிக்கறேன்" என்றார். அதன்பின் அந்த நிறுவனத்துக்கு போன் செய்தால் எங்கள் தெருவுக்கு வண்டி கிடைப்பதில்லை.

சரி, நானே ஓட்டுகிறேன் என்று அவருடைய காரை எடுத்தேன். இருபது வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறேன், ஆனால் அந்தக் காரில் எனக்கு அனுமதிக்கப்பட்ட இடம் பக்கத்து சீட்டுதான். ஏற்றத்தில் சிக்னல் விழுந்தது. நகர்த்தப் பார்த்தேன், நின்றது. மறுபடி நகர்த்தினேன், மறுபடி நின்றது. ஆறாவது முறை வண்டி நிற்கவில்லை, புகைந்தது. மெக்கானிக் வந்து மோந்து பார்த்தே சொல்லிவிட்டார், கிளட்ச் தட்டு போய்விட்டதாம். அவரிடம் ஆர்வத்தில் கேட்டேன், எதுங்க நம்பகமானது, கையால் போடுவதா, தானாக மாறுவதா என்று. "கையால போடறது சொல்லிட்டுக் கெடும்மா. சத்தம் குடுக்கும், வாடை குடுக்கும், நாலு மாசம் டைம் குடுக்கும். தானா மாறுறது நல்லாத்தான் ஓடும், ஒரு நாள் சொல்லாமக் கெடும். நான் சைக்கிள்ல போறேன்" என்றார்.

அப்போதுதான் அண்ணி உங்கள் காரோடு வந்து நின்றார். "போன்ல விஷயத்தைச் சொன்னேன், உடனே குடுத்துடுன்னார். தான் சொன்னதாச் சொல்லாதேன்னும் சொன்னார். நான் சொல்லிட்டேன்" என்று சாவியை என் கையில் வைத்து அழுத்தினார். அண்ணா, அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது. கோபத்தில் இருக்கும்போதும் உங்கள் உதவி மட்டும் முகவரி தவறாமல் வந்துவிடுகிறது.

"நான் இதுல ஏறமாட்டேன்" என்றார் உங்கள் மாப்பிள்ளை. "அப்ப நடங்க" என்றேன். தன் காலைப் பார்த்தார், ஏறினார். தரையோடு தரையாக இருக்கும் அந்த சீட்டில் கட்டுப்போட்ட காலோடு ஆறடி மனிதரை இறக்குவதற்குப் பதினோரு நிமிடம் பிடித்தது. போன இடத்தில் வெளியே எடுக்க இன்னும் கூடுதல்.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், உங்கள் வண்டி. முதல் வளைவிலேயே என் இடது கால், லைசென்ஸ் எடுத்த காலத்துப் பழக்கத்தில் கிளட்சைத் தேடிப் போய், அங்கே அகலமாக இருந்த பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தது. கார் நட்டுவைத்ததுபோல் நின்றது. பின்னால் வந்த ரொட்டிக்கடை வேன்காரர் எப்படியோ நிறுத்திவிட்டார். இறங்கி வந்து, "என்னம்மா, எறும்பு கடந்து போச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு அவர் கடையில்தான் இப்போது ரொட்டி வாங்குகிறோம். அடுத்தது, மருத்துவமனை வாசல். பிரேக்கில் கால் வைத்து நிறுத்தினேன், அவரை இறக்குவதற்காகக் கதவைத் திறந்து இறங்கினேன். கியரை மாற்றிவிட்டு இறங்க வேண்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. உங்கள் கார் மரியாதையாக, ஓசையில்லாமல், என்னை விட்டுவிட்டுத் தானே புறப்பட்டது. நானும் காவலாளியும் பக்கத்தில் நடந்துபோனோம். உள்ளே இவர் இடது காலால் தரையை மடார் மடாரென்று மிதிக்கிறார். பதினான்கு அடி போய், இரண்டு பூந்தொட்டிகளைத் தள்ளிவிட்ட பிறகுதான் ஹேண்ட்பிரேக் அவர் நினைவுக்கு வந்தது. "பாத்தியா? கடைசியில கைதான் காப்பாத்துச்சு" என்றார். பம்பரில் கீறல் இல்லை. தொட்டிகளை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு கூடவில்லை. டாக்டர் அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கால ஊனினீங்களா?" என்று கேட்டார். "சத்தியமா இல்ல டாக்டர். குளிக்கறதுகூட நாற்காலியில" என்றார் இவர். பூந்தொட்டிக் கலவரத்தில் மிதித்ததை இருவருமே மறந்திருந்தோம், மற்றபடி அது உண்மையென்று எனக்கும் தெரியும். "இன்னும் பத்து நாள் பாக்கலாம். கூடலைன்னா திறந்து தட்டு வெச்சு ஸ்குரூ போடணும்" என்றார் டாக்டர். இவர் முகம் வெளிறிப்போனது. திரும்பும் வழியில் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தில்தான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டொக். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி டொக். நான் வேலை பார்ப்பது தண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில், எண்ணுவது என் பழக்கம். வீடு வருவதற்குள் நாற்பத்து மூன்று. உங்கள் கார் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும், இஞ்சின் சத்தத்தை வைத்து, இவர் இல்லாத கிளட்சை உடைந்த காலால் மிதித்துக்கொண்டிருந்தார்!

"நீங்க மிதிக்கறீங்க."

"நானா? எதை?"

"கிளட்சை."

"இதுல ஏது கிளட்ச்?" என்று கேட்டவர், கேட்டுக்கொண்டே இன்னொரு முறை மிதித்தார்.

தலையணை வைத்துப் பார்த்தேன், அதையும் மிதித்தார். சால்வையால் கட்டிப் பார்த்தேன், சால்வை கிழிந்தது. பேசுவதால் திருந்துகிற கால் இல்லை அது. கடைசியில் அவர் பட்டறையிலிருந்து, மெருகு போட்டுத் தயாராக இருந்த பல்செட்டுகளை ஓர் அட்டைப்பெட்டியில் மூடியில்லாமல் அடுக்கி, அவருடைய பாதத்துக்குக் கீழே வைத்தேன். யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசை, ஒரு பாட்டுவாத்தியார் அம்மாவின் கீழ்வரிசை. "ஏய், பன்னண்டு நாள் வேலை அது!" என்று அலறினார். "அப்ப மிதிக்காதீங்க" என்று வண்டியை எடுத்தேன். முதல் கியர் மாறியது. கால் எழுந்தது, அந்தரத்தில் நடுங்கியது, மெல்லப் பக்கவாட்டில் போய் அமர்ந்தது. பிறகு பத்து நாளும் உங்கள் காரில் அவருடைய பற்கள் இல்லாமல் நாங்கள் எங்கும் போகவில்லை.

நேற்று எக்ஸ்ரே. எலும்பு கூடிவிட்டது. ஸ்குரூ வேண்டாம், தட்டு வேண்டாம். திரும்பும்போது அவர் வெளியே பார்த்தபடி, "எங்கேயும் நிக்கல இல்ல?" என்றார். எதைச் சொல்கிறார் என்று நான் கேட்கவில்லை. "கியர் மாத்தறது தெரியவே இல்ல. என் காலுக்கு முன்னாடியே அது மாத்திடுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க அண்ணன் வண்டியை நல்லாத்தான் வெச்சிருக்கார்" என்றார். அவர் மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர் அண்ணா. இதுதான் அவருடைய மன்னிப்பு. இதற்கு மேல் அவரிடம் கிடையாது, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

காரைக் கழுவி, எண்ணெய் பார்த்து, வரும் வெள்ளிக்கிழமை அண்ணியிடம் ஒப்படைத்துவிடுகிறேன். நான் பழையபடி பேருந்துக்குத் திரும்புவேன். இடையில் என் வேலைக்கு, பரிசோதனைக் கூடத்துக்குத் தனியாக ஓட்டிப்போன நான்கு காலைகளில், பக்கத்தில் யாரும் எதுவும் சொல்லாத ஒரு சீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். அதற்கும் உங்களுக்குத்தான் நன்றி. நீங்கள் வாருங்கள். பாதியில் எழுந்துபோன அந்தச் சாப்பாட்டை முடித்துக் கொடுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் உடம்பையும் மனசையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத
தங்கை

பின்குறிப்பு: உறை தேட உள்ளே போன நேரத்தில் மேசையில் கிடந்த இதை உங்கள் மாப்பிள்ளை முழுக்கப் படித்துவிட்டார். "பதினாலு அடின்னு எழுதியிருக்கா! எட்டு அடி கூட இருக்காது. இதைப் படிச்சா அவர் என்ன நினைப்பார்?" என்று பதறி, திருத்தம் சொல்வதற்காக அவரே உங்களுக்கு போன் போட்டுவிட்டார். "மச்சான்" என்று அவர் சொன்னதும் நான் கையிலிருந்த உறையைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மணி நேரமாகக் கூடத்தில் பேச்சு ஓய்கிற வழியாக இல்லை, போனில் நீங்கள் சிரிப்பது சமையலறை வரைக்கும் கேட்கிறது. இரண்டு கியர் பாக்ஸுமே அருமையானவை, கிளட்ச் எரிந்ததற்கும் கார் தானே நகர்ந்ததற்கும் காரணம் ஓட்டினவள்தான் என்று நீங்கள் இருவரும் ஏகமனதாக முடிவுசெய்ததும் கேட்டது. "அவளுக்குச் சின்ன வயசுல சைக்கிளே வராது மாப்ளே" என்றீர்களே, அதுவும் கேட்டது. ஆகவே, மேலே வெள்ளிக்கிழமை காரை ஒப்படைப்பதாக எழுதியிருக்கும் வரியை அடித்துவிடவும், பேருந்துக்குத் திரும்புவதாக எழுதியதையும் சேர்த்து. இரண்டு வண்டிச் சாவியும் என் கைப்பையில் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு நீங்கள் பேருந்திலேயே வந்துவிடலாம், நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு நடக்கிற தூரம்தான்.