கோப்புச் சுருக்கி அமங்க்வா

மனிதர்களில் கோப்புச் சுருக்கி என்று ஓர் இனம் உண்டு. கானா நாட்டுக் குமாசியில் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் மட்டுமல்ல, வாட்ஸ்அப் எட்டிய இடமெல்லாம் பெருகியிருக்கிறது. அடையாளம் காண்பது எளிது. ஒரு பாட்டை அனுப்பினால், "யார் பாடினது?" என்று கேட்காது. "எத்தனை எம்பி?" என்று கேட்கும்.

எங்கள் குழுச் செயலாளர் அமங்க்வா இந்த இனத்தின் உச்சம். கனமான ஒலிக்கோப்பைக் கண்டால் அவருக்குக் கை நமநமக்கும். இணையத்தில் இலவசமாகச் சுருக்கித் தரும் தளம் ஒன்றைத் திறப்பார், கோப்பை ஏற்றுவார், எண்ணெயில் போட்ட வாழைப்பழத் துண்டைக் காவல் காப்பதுபோல, சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், முடியப்போகும் நேரத்தில் மின்சாரம் போகும், வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஏற்றுவார், 'பதிவிறக்கு' என்று மின்னும் பொத்தான்களில் தவறானவற்றை எல்லாம் அழுத்தி, தொப்பை கரைக்கும் மருந்தையும் பந்தய விளம்பரத்தையும் தரிசித்துவிட்டு, ஒருவழியாகக் குட்டிக் கோப்பைக் கைப்பற்றுவார். பிறருடைய டேட்டாவை மிச்சம்பிடிக்கத் தன் டேட்டாவைத் தீர்த்திருப்பார். பிறகு குட்டிக் கோப்பை அனுப்புவது எப்படி? பக்கத்து வீட்டு வைஃபைதான்.

எங்கள் குழுப் பாடகர் ஒஃபோசு இறந்தபோது விஷயம் விளையாட்டாக இல்லை. ஒஃபோசுவின் குரல் கீழ்க்குரல். அவர் பாடத் தொடங்கினால் முதலில் உள்ளங்காலுக்குத்தான் கேட்கும், பிறகுதான் காதுக்கு. அவர் தனியாகப் பாடிய ஒரே ஒரு பதிவு, சுருக்காத முழுக் கோப்பாக, ஒரு பென்டிரைவில் இருந்தது. சனிக்கிழமை சவப்பெட்டியைத் தூக்கும்போது அந்தக் குரல் ஒலிக்க வேண்டும். அவர் மனைவி பிராகோ கேட்டது அது ஒன்றுதான்.

"தம்பி, வேற பதிவு கிடையாது. பத்திரம்," என்று பென்டிரைவை அமங்க்வாவிடம் நீட்டினார்.

"பத்திரமா சுருக்கி வெக்கிறேன் அக்கா."

துக்கத்தில் இருப்பவர் வினைச்சொல்லையா கவனிப்பார்?

சுருக்கினார். ஹாம்பர்க்கில் இருக்கும் உறவினர்களுக்கும் அனுப்ப வேண்டுமே என்று, சுருக்கியதையே மறுபடி சுருக்கினார். "இன்னும் குறையும்!" என்று வேறொரு தளம் ஆசை காட்டியது. தொலைபேசிப் பேச்சுக்குப் போதும் என்கிற அளவுக்குக் குறைத்தார்.

சனிக்கிழமை. எங்கள் ஊர்த் துக்க நிறங்களான கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம், ஆளுயரத்துக்கு அடுக்கிய ஒலிபெருக்கிகள். பெட்டி தோளேறியது. மைக்செட்காரர் சார்பொங் பொத்தானை அழுத்தினார். தகரடப்பாவில் அடைபட்ட கொசு ஒன்று தோத்திரம் பாடியது.

"யாருப்பா அது?" என்றார் பிராகோ.

"உங்க வீட்டுக்காரர்தான் அக்கா."

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்துனேன், இந்த ஆளை நான் பாத்ததே இல்லையே!"

சார்பொங் தலையைச் சொறிந்தார். "செயலாளரே, கொசுவத்தி ஏத்தட்டுமா?"

"ஆனா எவ்ளோ சின்னதாயிடுச்சு பாருங்க!"

"ஒரிஜினல் எங்க?" என்றார் சார்பொங்.

"எடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அழிச்சுட்டேன்."

பெட்டி தூக்கியவர்கள் எந்தக் காலை எடுத்து வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். பிராகோ எங்கள் பக்கம் திரும்பினார்.

"நீங்க பாடுங்க. அவரு பாடுற எடத்துல மட்டும் யாரும் வாயைத் திறக்காதீங்க."

பாடினோம். ஒஃபோசு தனியாகப் பாட வேண்டிய சரணம் வந்தது. நிறுத்தினோம். தெருவே நின்றது. நீளமான சரணம். உள்ளங்காலில் ஏதோ அதிர்ந்ததாக எங்களில் பலருக்குத் தோன்றியது. அமங்க்வாவுக்கு மட்டும் தாங்கவில்லை.

"அக்கா," என்று கிசுகிசுத்தார், "இந்த எடத்தை வெட்டிட்டா பாட்டு பாதியாயிடும்."

"வெட்டித்தான் பாரேன்!"

சரணம் முழு நீளத்துக்கும் ஓடி முடிந்தது. அதன் பிறகுதான் பெட்டி நகர்ந்தது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் அம்மா அனுப்பிய குரல்செய்தியை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, பாதியிலேயே "சரிம்மா" என்று பதில் போட்டது யார்?