மரை வேட்டைக்கு ஒரு கைத்துவக்கு

வீட்டைப் பூட்டிவிட்டு ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. நான் நோபல் பார்க் ரயில் நிலையம்வரை நடந்துபோய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். அடுப்பை அணைத்தாச்சா என்று வேலைக்கு நடுவில் மனைவி சுகந்தியைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறேன். அவள் அந்த அடுப்பில்தான் அப்போது சமைத்துக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட ஒருவன் கையில் ஆயுதம் கிடைத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள். நான் செய்தே காட்டியிருக்கிறேன்.

ஒஸ்ரேலியாவில், டண்டினொங்கில், சரக்கு அடுக்குகிற மரத்தட்டு, அதாவது பலட், செய்கிற தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; அங்கே ஆணி அடிக்கத் தெரிந்தால் போதும். (நான் ஒவ்வோர் ஆணியையும் ஒருமுறை கூடுதலாகத் தட்டிவைப்பேன்.) படகில் வந்து, தற்காலிக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காலம் தள்ளி, ஒருவழியாக நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கிற நேரம் வந்தது. என்னை நன்றாகத் தெரிந்த ஓர் ஒஸ்ரேலியரிடமிருந்து நன்னடத்தைக் கடிதம் ஒன்று வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வெள்ளைக்காரர் மேற்பார்வையாளர் கிரெக்தான். அறுபதை நெருங்குகிறவர், தாடி முழுக்க மரத்தூள். போய்க் கேட்டேன்.

"எழுதலாம் மேட். ஆனா ஆறு வருசமா நீ என்னோட கதைச்சது ரெண்டே சொல்லு, யெஸ், சொரி. உன்னைப் பற்றி நான் என்னத்தை எழுத? சனிக்கிழமை மரை வேட்டைக்குப் போறன், கூட வா. நீ சுட வேண்டாம், நடந்தாக் காணும். ஆளை ஆள் அறியலாம்."

(அவர் பேசியது ஆங்கிலம். என் காதுக்குள் போனதும் அது யாழ்ப்பாணத் தமிழாகிவிடும்; அதில் மரை என்றால் கடமான், துவக்கு என்றால் துப்பாக்கி. கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டதால் பேச்சு பாதியாகச் சுருங்கியிருக்கிறது.)

எங்கள் ஆட்களுக்கு மேலதிகாரி முன்னால் தலை மேலும் கீழும்தான் ஆடும். பக்கவாட்டில் ஆடுகிற வசதி கிடையாது. ஆட்டிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து நித்திரை போயிற்று. நான் வளர்ந்த காலத்தில் துவக்கு என்றால் அதற்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி; நான் எப்போதும் பிழையான பக்கத்தில் நின்றவன். இப்போது துவக்கோடு போகிற ஒருவருக்குப் பின்னால், மிருகங்கள் உள்ள காட்டுக்குள் நடக்க வேண்டும். யூடியூப்பைத் திறந்தேன். அமெரிக்க வேட்டைக்காரர்கள் வரிசையாக வந்து, "பெரிய துவக்கு கைவிட்டால்? கரடி பாய்ந்தால்? நெஞ்சில் ஒரு கைத்துவக்கு இருக்க வேண்டும்" என்றார்கள். சுழல்துப்பாக்கி நல்லதா, பிஸ்டல் நல்லதா, இடுப்பில் கட்டுவதா, நெஞ்சில் கட்டுவதா என்று நான்கு நாள் படித்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படிப் படித்திருந்தால் இன்றைக்கு டொக்டர்.

"இஞ்சருங்கோ, ஒஸ்ரேலியாவில கரடி இல்லை எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்றாள் சுகந்தி.

"காட்டுப்பண்டி இருக்கெல்லோ?"

"பயமெண்டாப் போகாதேங்கோவன்."

"கடிதம்?"



வியாழக்கிழமை வேலை முடிந்ததும் ஒரு துவக்குக் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் அம்மா நின்றார், பார்வைக்குப் பள்ளிக்கூட அதிபர் மாதிரி.

"வேட்டைக்கு. கைத்துவக்கு. சின்னன் போதும்" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை ஆறுதலாகப் பார்த்தார். "லைசன்ஸ் இருக்கோ தம்பி?" (இதுவும் மொழிபெயர்ப்புத்தான்.) இல்லை என்றேன். "லைசன்ஸ் இருந்தாலும் வேட்டைக்குக் கைத்துவக்கு கொண்டுபோக இஞ்ச விடமாட்டினம். நீங்கள் அமெரிக்க வீடியோ பாத்திருக்கிறியள். விளையாட்டுத் துவக்கு எண்டாலும், உண்மை மாதிரித் தெரிஞ்சாக் குற்றம். விளங்குதோ?"

குற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பெயர், முகவரி, மனைவி பெயர், பிறந்த தேதி, விசா இலக்கம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் ஒன்றையும் எழுதவில்லை. பேனாவைக்கூடத் தொடவில்லை. "தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நான் வெளியே வந்து இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன், யாரும் பின்தொடராமல் இருக்க.

இத்தோடு விட்டிருந்தால் நான் புத்திசாலி. வீட்டுக்கு வந்து குளியலறை அலுமாரியைத் திறந்தேன். அங்கே ஒன்பது வயது மகள் ஆரணியின் தண்ணீர்த் துவக்குகள் மூன்று இருந்தன. யூடியூப்பில் படித்ததை எல்லாம் பிரயோகித்தேன். கறுப்பு நிறத்தில் இருந்தது கையில் நன்றாகப் பொருந்தியது, ஆனால் உண்மை மாதிரித் தெரிந்தது, சிறை. பச்சை நிறத்தது தூரம் அடித்தது, ஆனால் விசை இறுக்கம். மிஞ்சியது ரோஸ் நிற டொல்பின். விசையைத் தொட்டாலே மூக்கால் பீச்சும். எந்த நீதிபதியும் அதைத் துவக்கு என்று சொல்ல முடியாது.

"நோ வே அப்பா! தட்ஸ் மை டொல்பின்!" என்று ஆரணி கத்தினாள்.

"ஒரு நாளைக்குத்தான் குஞ்சு. அப்பான்ர உயிர்ப் பிரச்சினை."

வெறும் தண்ணீருக்குப் பன்றி பயப்படுமா? குசினிக்குப் போய் மிளகாய்த்தூளைக் கரைத்து, துணியில் வடித்து ஊற்றினேன். சுகந்தி கதிரையில் இருந்தபடியே பார்த்தாள். "உப்பு போடேல்லையோ?" என்றாள். ஆனாலும் பழைய புத்தகப்பை வாரை வெட்டி, டொல்பினை நெஞ்சோடு கட்ட ஓர் உறை தைத்துத் தந்தவளும் அவள்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் கிரெக்கின் யூட் என்கிற திறந்த பின்தட்டு வண்டியில் கிழக்கே மலைக்காட்டுக்குப் போனோம். செம்மஞ்சள் தொப்பி ஒன்று தந்தார். நெஞ்சில் கட்டிய டொல்பினுக்கு மேல் பெரிய ஜக்கெட் போட்டிருந்ததால் என் ரகசிய ஆயுதம் அவர் கண்ணில் படவில்லை. வழியில் நிறையக் கதைத்தார். மனைவி இறந்தது, மகன் பேர்த்தில் இருப்பது, இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கொம்பன் மரையை மூன்று வருடமாகத் தேடித் திரிவது. நானும் யெஸ், சொரியைத் தாண்டி ஏழெட்டு வாக்கியம் சொன்னேன். கடிதம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்துவிட்டது.

பிறகு இறங்கி நடந்தோம். "இனிச் சத்தம் கூடாது" என்று உதட்டில் விரலை வைத்தார்.

பத்து நிமிடத்தில் என் வயிறு சுட ஆரம்பித்தது. டொல்பின் ஒழுகுகிறது. விசை இலகுவாக இருந்தால் மூடியும் இலகுவாகத்தான் இருக்கும் என்று எந்த அமெரிக்கனும் எனக்குச் சொல்லவில்லை. மிளகாய்த் தண்ணீர் நெஞ்சிலிருந்து தொப்புளுக்கும், தொப்புளிலிருந்து சொல்லக்கூடாத பிரதேசங்களுக்கும் இறங்கியது. நான் மூச்சுக் காட்டவில்லை. கண்ணீர் ஓட, கால்களை அகட்டி, ஒரு நடனக்காரனைப்போல் அவர் பின்னால் நடந்தேன்.

கிரெக் சட்டென நின்றார். துவக்கு தோளில் தொங்க, தொலைநோக்கியை மெதுவாகக் கண்ணுக்குக் கொண்டுபோனார். ஓடைக்கு அப்பால் பன்னச் செடிகளுக்கு நடுவில் அந்தக் கொம்பன் நின்றது.

அந்தக் கணத்தில்தான் என்னால் தாங்க முடியவில்லை. டொல்பினைக் கழற்றி எறிந்துவிடுவோம் என்று ஜக்கெட்டுக்குள் கையை விட்டு இழுத்தேன். இழுத்தபோது விரல் விசையில் பட்டது. கிரெக்கின் கழுத்தில் விழுந்த முதல் பீச்சலுக்கு அவர் திரும்பினார். திரும்பியவருக்கு இரண்டாவது, இடது கண்ணில்.

அவர் போட்ட அலறலுக்கு மரை ஊதுகுழல் மாதிரி ஒரு சத்தம் வைத்து, நிலத்தை உதைத்து, மூன்று வருடத் தேடலையும் எடுத்துக்கொண்டு மறைந்தது.

நான் அவரை மரத்தடியில் இருத்தி, போத்தல் தண்ணீர் முழுவதையும் கண்ணுக்கு ஊற்றினேன். கழுத்து சிவந்து தடித்திருந்தது. சுகந்தி புட்டோடு கட்டித் தந்த தயிரை எடுத்துப் பூசினேன். மிஞ்சியதை என் வயிற்றில் பூசிக்கொண்டேன். இரண்டு பேரும் தயிரோடு உட்கார்ந்திருந்தோம்.

"என்ன அது?" என்றார், ஒற்றைக் கண்ணால்.

சொன்னேன். கரடி, யூடியூப், துவக்குக் கடை, டொல்பின், மிளகாய்த்தூள், கடிதம், விசா, சின்ன வயதிலிருந்து துவக்குக்குப் பயந்து ஓடிய ஓட்டம், எல்லாவற்றையும். ஆறு வருடத்தில் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் தாடியில் ஒட்டிய தயிரைத் துடைத்தார். பிறகு, "மேட், மிளகாய் ஸ்பிரே வைச்சிருக்கிறது இந்த மாநிலத்தில தடை. நீ சட்டத்துக்குப் பயந்து பிஸ்டலை விட்டுட்டு, வீட்டில இருந்து தடைசெய்த ஆயுதம் செய்து கொண்டந்திருக்கிறாய்" என்றார்.

என் விசா ஓடையில் மிதந்து போவதைக் கண்ணால் கண்டேன். "தயவுசெய்து அதைக் கடிதத்தில எழுதாதேங்கோ" என்றேன்.

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தயிர் எடுத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்து, மரை போன பக்கத்தைக் காட்டினார். "அந்த இனம் எங்கட காட்டுக்குரியது இல்லை, தெரியுமோ? அந்தக் காலத்தில கப்பலில கொண்டந்தவை. கனக்க உங்கட சிலோனில இருந்து."

"அதுக்கு நிரந்தர விசா குடுத்திட்டினமோ?" என்று கேட்டேன். உண்மையாகவே அறியத்தான் கேட்டேன். அவர் மறுபடியும் மரத்தில் சாய்ந்துவிட்டார்.

டொல்பினை அவரே வாங்கி நிலத்தில் கவிழ்த்து, தண்ணீர் முழுவதும் வடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரம் ஒரு கடித உறையைத் தந்தார். ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் ஓடும் என்பதால் ஆரணி உரத்து வாசித்து, எனக்கு விளங்கப்படுத்தினாள். 'நான் சரிபார்த்த இயந்திரத்தை ஒவ்வொரு நாளும் இன்னொருமுறை சரிபார்க்கிறவர். இவர் வந்த பிறகு எங்கள் ஆலையில் ஒருவருக்கும் விரல் போகவில்லை. தான் எரிந்துகொண்டிருக்கும்போதும் முதலில் என் கண்ணைக் கழுவியவர். இவரோடு மறுபடியும் காட்டுக்குப் போவேன், இவர் நிராயுதபாணியாக வருவதாக இருந்தால்.'

சுகந்தி தலையில் கைவைத்தாள். வழக்கறிஞர் கடைசி வரியை எடுக்கச் சொன்னார். கிரெக் மாட்டேன் என்றார். அது அப்படியே போயிற்று, விசாவும் வந்தது.

அதன்பிறகு நான் கோயிலுக்குப் புறப்பட்டாலும் கடைக்குப் புறப்பட்டாலும் ஆரணி வாசலை மறித்துக்கொள்கிறாள். "ஹேண்ட்ஸ் அப், அப்பா!" சட்டைப்பை, இடுப்பு, நெஞ்சு எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, "அன்ஆர்ம்ட்!" என்று குசினிப் பக்கம் கத்துவாள். உள்ளேயிருந்து சுகந்தி, "அப்ப போகலாம்" என்பாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெளியே யூட்டில் காத்திருக்கிற கிரெக்கும் கையைத் தூக்கிக் காட்டுவார்.

கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது எனக்குச் சின்ன வயதிலேயே சோதனைச்சாவடிகளில் பழக்கம். சிரித்துக்கொண்டு நிற்கப் பழகியது இந்த வாசலில்தான்.