லிஃப்டை நிறுத்திய என் புரட்சி

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கட்டட நிர்வாகி, முதலாம் மாடி தோன் தொத்தோ, நாலாம் மாடி சிஞ்ஞோரா ரொசாலியா, இன்னும் ஏழெட்டு வீட்டுச் சொந்தக்காரர், என் அப்பா. வராதவர்கள் இரண்டு பேர். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் பகேரியா என்ற பக்கத்து ஊரில் இருந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தார். நானும் எங்காவது போயிருக்கலாம்.

இத்தாலியில், சீசா என்ற நகர்ப்பகுதியில், ஐந்தாம் மாடியில் வாடகைக்கு இருந்தோம். லிஃப்டின் கம்பிவடம் தேய்ந்துவிட்டது. மாற்றப் பெரும்பான்மை சம்மதிக்காவிட்டால் லிஃப்டை நிறுத்திவிட வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். ஆகவே எங்களுக்கு லிஃப்ட் வேண்டும். இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. எங்கள் பரம்பரையில் முதன்முதலாகப் படித்தவன். அந்த வாரம் வகுப்பில் அமெரிக்கக் குடியேற்றங்கள் பற்றிய பாடம் நடந்தது. கடல் தாண்டி லண்டனில் இருந்துகொண்டு சீனிக்கு வரி, கண்ணாடிக்கு வரி, தேயிலைக்கு வரி போட்டிருக்கிறார்கள். பாராளுமன்றத்தில் அந்த மக்களுக்கு ஒரு ஆள்கூட இல்லை. எனக்கு இரத்தம் கொதித்தது. (சாப்பாடு மட்டும் வழக்கம்போல் இறங்கியது.) நாங்களும் மாதாமாதம் லிஃப்டுக்குக் கட்டுகிறோம், எங்களுக்கும் வாக்கு இல்லையே!

நிர்வாகி கணக்கை வாசித்து முடித்ததும் எழும்பினேன். சீனியில் தொடங்கி முத்திரைச் சட்டத்துக்கு வந்தேன். "பத்திரிகைக்கு முத்திரை, பத்திரத்துக்கு முத்திரை. விளையாடுகிற சீட்டுக்கட்டுக்குக்கூட வரி!"

தோன் தொத்தோ நிமிர்ந்தார். பின்னேரம் முழுக்க வாசலில் சீட்டு விளையாடும் மனிதர். "சீட்டுக்குமா?"

"ஓம், சீட்டுக்கும்."

"கேடுகெட்டவங்கள்," என்றார். முகம் வெளிறிவிட்டது.

"குரல் இல்லாதவனிடம் காசு கேட்காதே" என்று முடித்தேன். கீழ்மாடிக்காரர் கைதட்டினார்கள். அவர்கள் லிஃப்டில் ஏறுவதேயில்லை என்பது அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை.

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, உங்கடை வீட்டுக்காரர் உங்கடை அப்பாவுக்குத்தானே வாக்குரிமை எழுதிக் குடுத்தவர்?"

அப்பா இத்தாலியத் தாள் எதையும் வாசிக்கமாட்டார். எல்லாவற்றையும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டை வைத்திருக்கும் பொலித்தீன் பைக்குள் போட்டு, எங்கே போனாலும் கொண்டுபோவார். அதற்குள்ளிருந்து நாலாய் மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். வாசித்தேன். தன் சார்பில் வாக்களிக்க அப்பாவுக்கு முழு அதிகாரம் என்று எழுதியிருந்தது. வீட்டில் எல்லாத் தாளையும் வாசிப்பவன் நான். இதை மட்டும் வாசிக்கவில்லை, பேச்சுத் தயாரிப்பில் இருந்தேன்.

"வீட்டுக்காரர் ஓம் எண்டு போடச் சொன்னவர்," அப்பா மெதுவாகச் சொன்னார்.

"இப்ப ஓம் எண்டால் என்ரை மானம் என்னாகிறது, அப்பா?"

"அம்மான்ரை கால் என்னாகிறது?"

படித்த பிள்ளை அல்லவா, வாக்கை என்னிடமே விட்டுவிட்டார். அதுதான் இன்றும் உறுத்துகிறது. நான் "எதிர்ப்பு" என்றேன். எங்கள் வீட்டின் வாக்கினால்தான் தீர்மானம் தோற்றது. சிஞ்ஞோரா ரொசாலியா நெஞ்சில் சிலுவை போட்டார்.

மறுநாள் லிஃப்ட் கதவில் சங்கிலி. அம்மா அரிசிப் பையுடன் ஐந்து மாடியும் ஏறி வந்து வாசலிலேயே இருந்துவிட்டார்.

"ஆர் வேண்டாம் எண்டு சொன்னது?"

"அமெரிக்காக்காரர்," என்றார் அப்பா.

இப்போதும் நான் ஏதாவது கொள்கை கதைக்கத் தொடங்கினால் அம்மா கேட்பார்: "எத்தினையாம் மாடியிலை நிண்டு கதைக்கிறாய், தம்பி?"

லிஃப்ட் நின்று மூன்று மாதம் கழித்து மறுபடி கூட்டம் வைத்தார்கள். எல்லோரும் சம்மதித்தார்கள். அதற்குள் வேலைக்கூலி ஏறிவிட்டது. ஏறிய பங்கை, தன் சொல் கேளாமல் வாக்களித்தவர்களே கட்டவேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அப்பா மறுபேச்சில்லாமல் கட்டினார்: அறுநூற்று நாற்பது யூரோ.